நாண் பட்ட கை

கொரட்டூரில் ஞாயிறுதோறும் நடக்கும் வில் வகுப்புக்கு ஒரு வருடமாகப் போய்க்கொண்டிருந்தேன். என் மனைவி கலா சேர்ந்து மூன்றே வாரத்தில், அவள் அம்புகள் இலக்கின் நடுவில் தைக்க ஆரம்பித்தன. எல்லோரும் அவளைப் பாராட்டப் பாராட்ட எனக்கு வயிறு எரிந்தது.

மூங்கில் வில்லைக் கட்டைவிரல் இடுக்கில் தளர்வாகத் தாங்க வேண்டும். அது தெரிந்தும், வாத்தியார் இல்லாத நேரம் பார்த்து, "இறுக்கிப் பிடி, மணிக்கட்டை உள்பக்கமா மடக்கு" என்றேன். அவளும் அப்படியே பிடித்தாள். அம்பை விட்டதும் நாண் அவள் முன்கையில் சுளீரென்று அறைந்தது.

மறுநாள் மாடிப்படியில் கன்றிப்போன அந்தக் கையைப் பார்த்த எதிர்வீட்டு அக்கா, என்னை முறைத்துக்கொண்டே, "இன்னாமா இது? ஊட்டுக்காரரு அட்ச்சாரா?" என்று கேட்டார்.

"ஐயோ, இல்லக்கா! வில்லு நாண் பட்டுடுச்சு. எனக்குத்தான் சரியா பிடிக்கத் தெரியல. இவர் பொறுமையாத்தான் சொல்லித்தராரு."

வீட்டுக்குள் வந்ததும், "நான் வேணும்னேதான் தப்பா சொன்னேன்" என்றேன்.

கலா கன்றிய கையை முந்தானையால் மூடிக்கொண்டாள். "அக்கா கேட்டப்பவே சொல்லியிருக்கலாமே" என்றாள்.

இப்போதும் சேர்ந்துதான் வகுப்புக்குப் போகிறோம். வில் பிடிப்பதைப் பற்றி அவள் என்னிடம் எதுவும் கேட்பதில்லை. ஒருநாள் கேட்பாள் என்று ஒவ்வொரு ஞாயிறும் எதிர்பார்க்கிறேன்.