பிரித்துப் போட்ட இருக்கைகள்

சென்னையிலிருந்து தூத்துக்குடிக்கு வந்த விமானத்தில் அவரைப் பார்த்தேன். ஓட்டப்பிடாரம் பக்கம் ஆடு வளர்ப்பவர் என்று ஏறுவதற்கு வரிசையில் நிற்கும்போதே சொல்லியிருந்தார். வெயிலில் கறுத்த நெடிய உடம்பு. கண் ஆபரேஷன் முடிந்து கட்டுடன் வந்த மனைவியின் கையை அவர் விடவே இல்லை. இருக்கைக்கென்று தனியாகப் பணம் கட்டாததால் மனைவிக்கு என் பக்கத்திலும் அவருக்குக் கடைசி வரிசையிலும் இடம் போட்டிருந்தார்கள்.

"மினி பஸ்ல கூட கண்ணு தெரியாதவளத் தனியா உக்கார வைக்க மாட்டாவ" என்று பணிப்பெண்ணிடம் சொன்னார்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. "அண்ணாச்சி, இங்கன உக்காருங்க. நான் பின்னால போறேன்" என்று எழுந்தேன்.

"வேண்டாம் தம்பி. நீங்க துட்டுக் கட்டி வாங்குன எடம். பிரிச்சவியளே சேத்து வைக்கட்டும்."

நடைவழியிலேயே நின்றார். அவர் உட்காராமல் விமானம் கிளம்பாது. கடைசியில் பணிப்பெண் இருவரையும் முன்வரிசைக்கு அழைத்துப் போனாள். அங்கே இருக்கைகள் காலியாகக் கிடந்தன.

இறங்கும்போது என்னிடம் கேட்டார்: "எடம் சும்மாத்தான கெடந்துச்சு. பெறவு எதுக்கு எங்களப் பிரிச்சாவ?"

இருக்கைக்குக் கேட்ட பணத்தை ஒரு வார்த்தை பேசாமல் ஒவ்வொரு முறையும் கட்டி வந்த எனக்கு, அந்தக் கேள்வி அதுவரை தோன்றியதே இல்லை.