சீனியம்மாள் அழப் போன கதை

கடையநல்லூர்க்காரி மந்திரம் போட்டுத்தான் சீனியம்மாள் வீட்டை விட்டுப் போனாளாம்! சொல்லுகிற வாயெல்லாம் ஒருதரம் நேரில் வந்து சொல்லட்டும். ஷம்சாத் பேகம் கையில் தாயத்து இருந்ததா, தகடு இருந்ததா? வந்தாள், பாயில் உட்கார்ந்தாள், காது கொடுத்துக் கேட்டாள். அந்த ஒன்றுதான் இந்தத் தெருவில் யாருக்கும் செய்யத் தெரியாது.

சீனியம்மாள் இளையரசனேந்தல் பெண். சங்கரன்கோவிலில் நூல் வியாபாரம் செய்த ராஜதுரைக்கு வாழ்க்கைப்பட்டவள். ஆடித்தபசுத் திருவிழாவில் ஒருநாள் மண்டகப்படி, அதாவது அன்றைய பூஜைச் செலவும் முதல் மரியாதையும், அந்த வீட்டுக்கு உண்டு. அன்றைக்கு அம்மனுக்குப் படைக்கிற புளியோதரை அவள் கையால்தான் ஆகும். வெள்ளைக்காரன் போய் ஏழெட்டு வருஷம் ஆகியிருக்கும். அந்த வருஷம் கொடி ஏறின பிறகு, அவளைப் பெற்றவள் செத்துப்போனாள் என்று ஊரிலிருந்து ஆள் வந்தான். மாமியார் மாடத்தி அவனைத் தெருமுனையிலேயே மறித்து, மோர் கொடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டாள். மகள் காதில் விழுந்தால் வீட்டுக்குத் தீட்டு. மண்டகப்படி மரியாதை பங்காளி வீட்டுக்குப் போய்விடும். காதில் விழாதவரை தீட்டில்லையாம்! ராஜதுரைக்குத் தெரியும். தெருவுக்கே தெரியும். தாய் சாம்பலானது தெரியாமல் அவள் சிரித்த முகமாய்ப் பரிமாறினாள்; தெரிந்த அத்தனை பேரும் இலை முன்னால் உட்கார்ந்து மறுசோறும் கேட்டு வாங்கித் தின்றார்கள்.

கொடி இறங்கின பிறகுதான் மாடத்தி சொன்னாள். “எல்லாக் காரியமும் முடிஞ்சு போச்சுட்டி. தலையில தண்ணிய ஊத்திக்கிட்டு வேலையப் பாரு. இனிம அங்கன போயி என்ன செய்யப் போற?”

ஊற்றிக்கொண்டாள். அதன் பிறகு வாயைத் திறக்கவில்லை.

கோடாங்கி வந்தான். உடுக்கை அடித்துக் கேள்வியும் கேட்டு, பதிலையும் தானே சொன்னான்: ராயகிரிப் புளியமரத்துப் பேய். அவள் ராயகிரியைக் கண்ணால் பார்த்ததே இல்லை. எதிர்வீட்டு முப்பிடாதியம்மாள் விடியும்போதே கோயில் புற்றுமண்ணோடு வந்துவிடுவாள். “முழுங்குட்டி, எல்லாம் சரியாவும்.” அம்மன் மண்ணை யார் குறை சொன்னது? பேச வேண்டிய வாயை மண்ணால் அடைத்துவிட்டு, “ஏம்ட்டி பேச மாட்டேங்கிற?” என்று அவளிடமே கேட்கிற புத்தியைத்தான் சொல்கிறது.

கடைசியில் ராஜதுரை, ஜவுளிக்கடை இப்ராஹீமின் அக்காவை அழைத்து வந்தான். அவள்தான் கடையநல்லூர் ஷம்சாத் பேகம். சென்னைப் பட்டணத்தில் மனசுக்கு வைத்தியம் பார்க்கிற ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள். அங்கே ஒரு டாக்டரம்மாவிடம் கற்றுக்கொண்ட வைத்தியம் இது.

முதல் நாள் மாடத்தியை வெளியே இருக்கச் சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

“சீனி, நான் புத்தி சொல்ல வரல. பேசணும்னா பேசு, பேசாட்டாலும் சரிதான். நீ சொல்லுதது வெளிய போவாது. உன் உசுருக்கு ஆபத்துன்னாத்தான் அடுத்தாள்ட்ட சொல்லுவேன். அதயும் உங்கிட்டச் சொல்லிட்டுத்தான் செய்வேன். நான் வர வேண்டாம்னு தோணிச்சுன்னா அதயும் சொல்லு, கோவிச்சுக்கிட மாட்டேன்.”

இவள் எப்போது மண்ணை எடுப்பாள் என்று சீனியம்மாள் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கைகள் மடியிலேயே கிடந்தன.

செவ்வாய்க்குச் செவ்வாய் வந்தாள். சும்மா இருந்தார்கள். “சும்மா ஒக்காந்துட்டுப் போறதுக்கு எங்க வீட்டு எருமை போதுமே!” என்று முப்பிடாதியம்மாள் தெருவைச் சிரிக்க வைத்தாள். எருமையை அனுப்பியிருக்கலாம், அதுவாவது மண் கொண்டு வந்திருக்காது.

ஒரு செவ்வாய்க்கிழமை பேகம் கேட்டாள்: “வீட்டுக்காரர் மேல கோவமா இருக்கியோன்னு எனக்குத் தோணுது. சரியா, தப்பா?”

“கோவம் இல்ல.” மாசக்கணக்கில் பேசாத வாயிலிருந்து வந்தது குரல். “அருவருப்பு. என் கை மேல.”

“அப்ப நான் நெனச்சது தப்பு. கை மேலயா?”

“அம்மை செத்துக் கெடக்கையில பொங்கிப் போட்ட கை.”

இந்தத் தெருவாக இருந்தால் அந்தக் கணமே “விதி” என்றிருக்கும், “அழாதே” என்றிருக்கும். பேகம் இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தாள். சீனியம்மாளுக்குப் பேச்சு தானாக வந்தது.

கிளம்பும்போது பேகம் எப்போதும் ஒன்று கேட்பாள். “இன்னைக்கு எப்படி இருந்திச்சு? நான் ரொம்பப் பேசிட்டனோ?”

“ஆமாக்கா, கொஞ்சம் கூடுதல்தான்.”

இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். வெளியே மாடத்திக்கு அது போதும். “சிரிச்சிட்டா! இந்த வருசப் புளியோதரைக்குக் கவலயில்ல” என்று தெருவெல்லாம் சொன்னாள். பேகத்தை வாசலில் மறித்து, “உள்ள என்னதான் சொல்லுதா?” என்றாள்.

“அது அவளுக்குள்ளது. அவகிட்டயே கேளுங்கம்மா.”

கேட்கவா செய்வாள் மாடத்தி?

கொடியேற்றம் நெருங்கிவிட்டது. கொடி ஏறிவிட்டால் மண்டகப்படி வீட்டுக்காரர்கள் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது.

“அக்கா, அம்மை கெடந்த எடத்துல ஒக்காந்து அழணும். போவவா, வேண்டாமா? நீங்களே சொல்லிருங்க.”

“நான் சொன்னா, இந்த வீட்டுக்கு இன்னொரு மாடத்தியம்மால்லா ஆயிருவேன்? போனா என்ன வரும், போவாட்டா என்ன வரும்? ரெண்டயும் சேர்ந்து பாப்பம்.”

பார்த்தார்கள். போனால் திரும்பக் கதவு திறக்காமல் போகலாம். தெரு காறித் துப்பும். போகாவிட்டால் மறுபடியும் அதே அண்டா முன்னால் நிற்க வேண்டும். அடுத்த செவ்வாயும் பார்த்தார்கள். முடிவைச் சீனியம்மாள்தான் சொன்னாள். பேகம் கேட்டுக்கொண்டாள்.

கொடி ஏறுகிற அன்று காலையில் சேலை மூட்டையோடு முற்றத்துக்கு வந்தாள்.

“எங்கட்டி?” என்றாள் மாடத்தி.

“எங்கம்மைக்கு அழப் போறேன் அத்தை.”

“வருசம் போன பொறவா? ஏட்டி, படியத் தாண்டினா திரும்பி வராத!”

“அதயும் நெனச்சுப் பாத்தாச்சு.” புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். “ஒங்களுக்குத் தெரியும். எங்கிட்டச் சொல்லல.”

ராஜதுரை தரையைப் பார்த்தான். “வண்டி கட்டச் சொல்லட்டா?” என்றான், கடைசியில்.

“வேண்டாம். பஸ்ஸுல போயிக்கிடுதேன்.”

ஊர் போய்ச் சேரும்வரை அழுகை காத்திருக்கவில்லை. படியை விட்டு இறங்கினதுமே வந்துவிட்டது. புளியோதரை தின்ற அத்தனை வாசல்களும் பார்க்க, நடுத்தெருவில், “எம்மா” என்று வாய்விட்டு அழுதுகொண்டே பஸ்ஸுக்கு நடந்தாள்.