சிமெண்ட் யானை பார்க்கப் போன நாள்

சுனாமி வந்ததற்கு அடுத்த வருடம் நான் மூன்றாம் வகுப்பில் இருந்தேன். விருதுநகருக்கு அந்தப் பக்கம் இருந்த திறந்தவெளி அருங்காட்சியகத்துக்கு எங்கள் பள்ளிக்கூடத்தில் எல்லோரையும் கூட்டிக்கொண்டு போனார்கள். நான் மட்டும் போகவில்லை. அம்மா அப்போது மதுரை ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அச்சங்குளம் பக்கம் அவள் வேலை பார்த்த பட்டாசு ஆலையில், அடுத்த அறையில் பிடித்த தீ அவள் இருந்த அறைக்கும் வந்துவிட்டது.

போய்வந்த பிள்ளைகள் அங்கிருந்த சிமெண்ட் யானையைப் பற்றியே ஒரு வாரம் பேசினார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம் நானும் யானைக்காகத்தான் அழுதேன். எங்கே வலிக்கிறது என்று அம்மாவிடம் ஒருநாளும் கேட்டதாக நினைவில்லை.

"நான் எந்திரிச்சு நடந்ததும் உன்னய நானே கூட்டிட்டுப் போறேன்" என்றாள்.

வீட்டுக்கு வந்தபின் நான்கு மாதம் வாசலைத் தாண்டாதவள், ஒரு புதன்கிழமை என்னைப் பள்ளிக்கு அனுப்பாமல் கவுன் போட்டுத் தலைசீவிவிட்டாள். அப்பா தானும் வருவதாகச் சொன்னார்.

"நீங்க லோடு ஏத்தப் போங்க, சீசன் நேரம். இன்னைக்குன்னா அங்கன கூட்டம் இருக்காது."

பஸ்ஸில் முந்தானையைத் தலையைச் சுற்றி இழுத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். வலது கன்னமும் கழுத்தும் ஒன்றாக இழுத்து ஒட்டியிருந்தன. அந்தப் பக்கத்துக் கண் முழுதாக மூடாது. வீட்டில் எனக்கு அது பழகிப்போயிருந்தது.

கூட்டம் இல்லைதான். வேப்பமரங்களுக்கு நடுவே காட்டெருமையும் மிளாவும் மலை அணிலும் வெயிலில் நின்றன. யானைக்கு ஒரு தந்தம் உடைந்து கம்பி தெரிந்தது. அதற்காகவா அத்தனை அழுதோம் என்று இருந்தது எனக்கு.

"நல்லாப் பாரு பாப்பா, பின்னால குட்டியும் நிக்குது" என்று அம்மா உற்சாகப்படுத்தினாள்.

விலங்குகளைத் தாண்டினால் ஊர்க் கதை. முதுமக்கள் தாழி, மரச்செக்கு, பழைய அச்சு இயந்திரம். கடைசியில் ஒரு கொட்டகைக்குள் மூன்று சிமெண்ட் பெண்கள் உட்கார்ந்து வெடிக்குத் திரி வைத்துக்கொண்டிருந்தார்கள். அம்மா அவர்கள் முன்னால் வெகுநேரம் அசையாமல் நின்றாள்.

"இப்படிக் குனிஞ்சா மருந்து மூஞ்சிக்கு நேராவுல்ல இருக்கும்" என்றாள், அந்தப் பெண்களைக் கடிந்துகொள்வதைப் போல. முந்தானை நழுவித் தோளில் கிடந்ததை அவள் கவனிக்கவில்லை.

அப்போதுதான் சீருடை போட்ட பிள்ளைகள் வரிசையாக வந்தார்கள். ஏதோ வெளியூர்ப் பள்ளி. முன்னால் வந்த சின்னப் பையன் அம்மாவைக் காட்டி, "டீச்சர், அதுவும் பொம்மையா?" என்று கேட்டான்.

அம்மா திரும்பினாள். சிரிக்க ஆரம்பித்தவர்கள் நிறுத்திவிட்டுப் பின்வாங்கினார்கள். நடுவில் நின்ற நானும் அவர்களோடு பின்னால் நகர்ந்தேன். அந்தப் பிள்ளைகளில் ஒரு பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பயப்படாத" என்று மெதுவாகச் சொன்னாள். நான் கையை விடுவித்துக்கொள்ளவில்லை. அப்படியே அவர்களோடு நடந்தேன்.

மரத்தடியில் அவர்கள் சாப்பிட உட்கார்ந்தபோது அந்தப் பெண் எனக்கும் புளியோதரை கொடுத்தாள். தூரத்தில் ஒரு பெஞ்சில் அம்மா எங்கள் தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பூப்போட்ட என் கவுனை டீச்சர் கவனித்துவிட்டார்.

"நீ யாரு கூட வந்த?"

"மாமா கூட. டீ குடிக்கப் போயிருக்காக."

எனக்கு மாமாவே கிடையாது. டீச்சர் சுற்றிலும் பார்த்தார். அம்மாவைத் தவிர யாரும் இல்லை. என்னைக் கூட்டிக்கொண்டு போய்ச் சற்றுத் தள்ளி நின்று கேட்டார்.

"ஏம்மா, இந்தப் பிள்ள மாமா கூட வந்தேங்குது. ஆளையே காணோம். நீங்க பாத்தீகளா?"

அம்மா என் முகத்தைப் பார்த்தாள். புளியோதரை ஒட்டியிருந்த என் விரல்களைப் பார்த்தாள்.

"பாத்தேன் டீச்சர். கேட்டுக்கு வெளிய நிக்காக. இப்ப வந்திருவாக. நீங்க போங்க, நான் பாத்துக்கிறேன்."

அவர்களுடைய பஸ் கிளம்பித் திருப்பத்தில் மறையும்வரை நான் கையை ஆட்டிக்கொண்டிருந்தேன். பிறகுதான் அம்மாவிடம் போனேன். பசிக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்றேன். தூக்குவாளியைத் திறக்காமலே வீடு வந்து சேர்ந்தோம். அப்பா கேட்டதற்கு, "புள்ள யானையெல்லாம் நல்லாப் பாத்துச்சு" என்று மட்டும் சொன்னாள். நானும் அம்மாவும் சேர்ந்து அந்த டீச்சரை ஏமாற்றிவிட்டதாக எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை.

அதன் பிறகு ரேங்க் கார்டு வாங்கவும் ஆண்டு விழாவுக்கும் என் பள்ளிக்கூடத்துக்கு அத்தைதான் வந்தாள், பத்தாம் வகுப்பு முடியும்வரை. தினமும் குடிதண்ணீருக்கு நான்கு தெரு நடந்துபோய் வருகிற அம்மாவுக்கு அடுத்த தெருவிலிருந்த பள்ளிக்கூடம் மட்டும் ஏன் தூரமாகிப் போனது என்று நான் கேட்டதேயில்லை.