காலித் தட்டில் முப்பத்தைந்து மில்லிவோல்ட்

வட்டாரத்துக் கடைகளின் தராசுகளை ஆண்டுக்கொருமுறை சோதித்து முத்திரை குத்துவது அவருடைய உத்தியோகம். ஆகவே எல்லோருக்கும் அவர் ‘முத்திரை’. பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் உயிர்வாழ்ந்தது. கடைக்காரர்கள் அவரைக் கண்டு நடுங்கியது அவருடைய கண்டிப்புக்காக அல்ல, பொறுமைக்காக. காலித் தட்டு இரண்டு கிராம் காட்டினால், அந்த இரண்டு கிராமின் பூர்வீகம் தெரியும்வரை மனிதர் நாற்காலியை விட்டு எழமாட்டார்.

இப்பேர்ப்பட்டவரின் வீட்டிலேயே ஒரு காலித் தட்டு எடை காட்டியது.

அவர் ஆசை ஆசையாக வாங்கிய நாற்பது வயது ஸ்டீரியோ ரிசீவர் அது, வானொலியும் பாட்டும் ஒரே பெட்டியில். பாட்டு ஓடாதபோது அதன் ஸ்பீக்கர் முனைகளில் மின்னழுத்தம் பூஜ்யமாக இருக்க வேண்டும். இடப்பக்க முனையில் மட்டும் பன்னிரண்டு வோல்ட் சும்மா உட்கார்ந்திருந்தது. தீய்ந்த வாசனை வந்ததும், தையல் தொழில் செய்யும் அவர் மனைவி பதறிப்போய் இஸ்திரிப் பெட்டியைத்தான் முதலில் தூக்கிப் பார்த்தார். தீய்ந்தது ஸ்பீக்கர். பார்த்துப் பார்த்து வாங்கிய ஜோடியில் ஒன்று.

“மிச்சம் ஒண்ணு இருக்கு. அதையும் இதுல மாட்டிப் பொசுக்கணுமா?”

“மூணு வாரம் குடும்மா. சரி பண்ணிடறேன்.”

“மூணே வாரம். அப்புறம் என் தம்பி வேனோட வருவான். பெட்டி பழைய இரும்புக்குப் போயிடும்.”

முத்திரை வேலையில் இறங்கினார். பெட்டியின் நுழைவாயிலில் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இரண்டு டிரான்சிஸ்டர்கள். இரண்டும் ஒரே குணமாக இருந்தால்தான் முனையில் பூஜ்யம் நிற்கும். ஒன்று புத்தி கெட்டுப் போயிருந்தது. முத்திரை இருபது புதியவற்றை வாங்கி, ஒவ்வொன்றையும் அளந்து, குணம் ஒத்த இரண்டைப் பொறுக்கி வைத்துப் பற்றவைத்தார். பன்னிரண்டு வோல்ட் ஒழிந்தது. மிஞ்சியது சில மில்லிவோல்ட். அதைப் பூஜ்யமாக்க ஒரு சின்னத் திருகு உண்டு. ஆனால் மீட்டரில் எண் ஓரிடத்தில் நின்றால்தானே திருகுவதற்கு? அது எட்டு என்றது, இருபத்து மூன்று என்றது, பதினாலுக்கு இறங்கியது. பத்து நாள் இந்தக் கூத்து நடந்தது.

கெடு முடிந்த ஞாயிறன்று காலையிலேயே மச்சினன் வேனோடு ஆஜர்.

“கையேட்டுல என்ன போட்டிருக்கு மாமா?”

“அம்பது மில்லிவோல்ட் வரைக்கும் இருக்கலாம்.”

“இப்ப எவ்ளோ?”

“இருபத்தெட்டு. இல்ல, பதினொண்ணு. முப்பத்தஞ்சு.”

“எல்லாம் அம்பதுக்குள்ளதானே. மாட்டுங்க.”

“நிலையா நிக்காத தராசுக்கு நான் முத்திரை குத்தினதே இல்ல மாப்ள.”

“அப்ப வேன்ல ஏத்திடவா?”

முத்திரை பெட்டியின்மேல் கையை வைத்துக்கொண்டார்.

அதே அறையின் தரையில் மனைவி காகித அளவுத் துண்டுகளைத் துணிமேல் பரப்பிக்கொண்டிருந்தார். ஒரு சட்டைக் கை பறந்து மச்சினனின் காலடியில் விழுந்தது. அதைத் துரத்திப் பிடித்த மனைவி, கடுப்பில் மின்விசிறியை அணைத்தார்.

மீட்டரில் இருபத்தெட்டு. பத்தொன்பது. பன்னிரண்டு. ஒன்பது. ஒன்பது. ஒன்பது.

முத்திரையின் பார்வை மீட்டரிலிருந்து விசிறிக்குப் போனது. நகைக்கடைத் தராசு காற்றுக்கு ஆடும் என்பதால், எந்த நகைக்கடையில் நுழைந்தாலும் அவர் பேசும் முதல் வாக்கியம் “ஃபேனை நிறுத்துங்க” என்பதுதான். இருபத்திரண்டு ஆண்டுகளாக. தன் வீட்டில் மட்டும் மூடியைக் கழற்றி, விசிறிக்கு நேர் கீழே பெட்டியை வைத்துப் பத்து நாள் அளந்திருக்கிறார். இரட்டையரில் ஒருவன்மேல் காற்று வீசிக் குளிர்ந்தது. மற்றவன் பக்கத்திலிருந்த கண்டென்சரின் மறைவில் சுகமாக வெந்துகொண்டிருந்தான். ஒருவன் குளிர்ந்து ஒருவன் சுட்டால் எண் ஆடாமல் என்ன செய்யும்?

“என்னங்க ஆச்சு?”

“ஒண்ணுமில்ல.”

“ஒண்ணுமில்லாததுக்கா மூஞ்சி இப்படிப் போகுது?”

“காத்து,” என்றார் முத்திரை, மிகச் சன்னமாக.

“நான் மோதிரம் வாங்க வந்தப்ப ஃபேனை நிறுத்தச் சொல்லி அரை மணி நேரம் கடையையே வேக வெச்சீங்களே, அந்தக் காத்தா மாமா?” என்றான் மச்சினன்.

முத்திரை மீட்டரின் பக்கம் திரும்பினார். திருகைத் தொட்டார், எண் இரண்டில் வந்து நின்றது. மூடியைப் போட்டு இறுக்கி, விசிறியை ஓடவிட்டார். இரண்டு, மூன்று, இரண்டு. ஆனால் மிஞ்சிய ஸ்பீக்கரை மாட்டத்தான் கை வரவில்லை. மனைவி முழங்காலிட்டு, இடப்பக்க முனையில் தானே ஒயர்களைச் செருகி, ஸ்பீக்கரின் காகிதக் கூம்பில் ஒரு விரலை வைத்துக்கொண்டார்.

“போடுங்க.”

வேண்டாத வோல்ட் இருந்தால் காகிதத்தை முன்னுக்குத் தள்ளியிருக்கும். காகிதம் முன்னுக்கு வரவில்லை; சூடும் ஏறவில்லை. வானொலியில் யாரோ காய்கறி விலை வாசித்துக்கொண்டிருந்தார். முட்டைக்கோஸ் முதல் வெள்ளரி வரை மூவரும் மூச்சுவிடாமல் கேட்டார்கள்.

“அப்ப வேன் சும்மா திரும்பணுமாக்கா?”

“சும்மா எதுக்கு? கடைக்குப் போய் இதுக்கு ஜோடி ஸ்பீக்கர் ஒண்ணு பார்த்துட்டு வா. மாமாவைக் கூட்டிட்டுப் போகாதே. கடைக்காரர் பாவம்.”