மீசையைக் குறைத்ததும் வந்த வீரம்

போன சனிக்கிழமை சேலையூரில் எங்கள் காலனி ஆண்டு விழா. நாடகம் என்னுடையது! கதாநாயகன்... இல்லை, வில்லன், ஜெர்மனியை ஆட்டிப்படைத்த அந்தச் சர்வாதிகாரி. பெயர் எதற்கு? மீசையைச் சொன்னாலே தெரியுமே!

அந்த ஆளைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? வாடகைக்கு எடுத்த வீடியோ கேசட்டில் பார்த்த நாலு யுத்தப் படங்கள்தான். அவன் வந்தாலே பூட்ஸ் சத்தம், டிரம்ஸ், அண்ணாந்து பார்க்க வைக்கும் கேமரா. செத்தவர்கள் கும்பலாகத்தான் வந்தார்கள் — ஒருவருக்கும் குளோஸப் கிடையாது. நானும் அப்படியே எழுதிவிட்டேன்.

நடித்தவர் எதிர்வீட்டு ஜெபராஜ் சார். கிளார்க். கரப்பான்பூச்சிக்குக்கூட வழிவிடுகிற மனிதர். நம் ஊரில் மீசையை முறுக்கினால்தான் வீரம் என்பார்கள். இவருக்கோ இரண்டு பக்கமும் மழித்ததும் வந்தது பாருங்கள்... அப்படி ஒரு வீரம்! மேஜையைக் குத்தி, "வரிசை! வரிசை கலைந்தால் தலை இருக்காது!" என்று கர்ஜித்தார்.

ஜனங்கள் அவனை வெறுக்க வேண்டும் என்பது என் திட்டம். ஜனங்களோ விசில் அடித்து ஒன்ஸ்மோர் கேட்டார்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை!

மறுநாள் காலை தண்ணீர் லாரி வந்தது. வழக்கமான குடுமிப்பிடிச் சண்டை.

"ஜெபராஜ் சார், அந்த டயலாக்கை எடுத்து விடுங்க!" என்றார் மாடிவீட்டு பேங்க்காரர்.

சார் எடுத்துவிட்டார். அம்மாடியோவ்! ஐந்தே நிமிஷத்தில் அத்தனை குடமும் ஒரே கோட்டில்!

"இந்த நாட்டுக்கு ஒரு சர்வாதிகாரிதான் சார் லாயக்கு" என்றார் பேங்க்காரர். தாம்பரம் மின்சார ரயிலில் தினமும் காதில் விழுகிற வசனம்தான். அன்று எனக்கும் ரொம்பச் சரியாகப் பட்டது.

சார் வரிசையைப் பார்வையிட்டபடி வந்தார். செல்வியின் குடத்தருகே நின்றார். காலனியில் நாலு வீட்டுக்குப் பாத்திரம் தேய்க்கிறவள். ஏரிக்கரைக் குடிசைப் பக்கம் கை பம்ப் வறண்டதிலிருந்து அவள் வீட்டுக்கும் இந்த லாரித் தண்ணீர்தான்.

"காலனிக்காரங்க மட்டும்! நீ வெளிய போ!"

காலால் ஒரு தள்ளு. குடம் உருண்டது. படபடவென்று கைதட்டல்!

செல்வி காலிக் குடத்தை எடுத்து இடுப்பில் வைத்தாள். சாரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

"இன்னா சார், நீயும் தட்டிகினு கீறே?"

குனிந்து என் கைகளைப் பார்த்தேன். ஆமாம்... தட்டிக்கொண்டுதான் இருந்தன.