ராஜ அங்கியில் இரண்டு கறைகள்

திருத்தணி மலையில் மொட்டை போட்டுக்கொள்கிறவர்களின் தலைக்குச் சந்தனம் பூசுவதுதான் தேவகியின் பிழைப்பு. கைக்குழந்தை வந்தால் மட்டும் அவள் கை கொஞ்சம் தாமதிக்கும். தலையில் குளிர்ச்சி இறங்கியதும் பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்க்கும். அந்தப் பார்வையில் தேவகி எங்கோ போய்விடுவாள்.

"யக்கா, கனவு அப்புறம் கண்டுக்கலாம். அடுத்த தலைக்குப் பூசு" என்று தேங்காய்க் கடை பிரேமா கிண்டல் செய்வாள்.

தேவகி போய்வரும் இடம், நாற்பது வருஷத்துக்கு முந்தைய நாடக மேடை. ஊர் ஊராகப் போய் ஆடிய அந்த நாடக சபாவில் அவள்தான் ராஜபார்ட். பெண்பிள்ளை ராஜாவாக வந்து தொடை தட்டினால், பள்ளிப்பட்டு நெசவாளர்கள் விசிலடித்தே தறிக்களைப்பைத் தீர்த்துக்கொள்வார்கள். ஆனால் அந்தச் சபாவில் ஒரு கட்டுப்பாடு உண்டு. தூபம் காட்டி ராஜ அங்கியை மாட்டிவிட்டால், மங்களம் பாடும்வரை கழற்றவே கூடாது. அந்தக் கட்டுப்பாட்டைக் கொண்டுவந்த மகானுபாவர் பிள்ளை பெற்றவராக இருந்திருக்க மாட்டார்!

மகள் விஜி மூன்று மாதக் குழந்தையாக ஒப்பனை அறையில் கிடந்து வீரிட்டதை ஊரே கேட்டது. அதைச் சொல்லிச் சொல்லியே விஜியை அவள் அத்தை வளர்த்தாள். இப்போது கனகம்மாசத்திரத்தில் கடை வைத்திருக்கும் விஜி, சண்டை வந்தால் முதலில் அதைத்தான் எடுப்பாள்.

"நான் கத்திகினு கெடந்தேன். நீ ராஜாவா நடந்துகினு இருந்தே."

தேவகி பதில் பேசியதில்லை. பேசினால் சாக்குச் சொல்வதுபோல ஆகிவிடும் என்று பயம். ஆனாலும் அந்த ஒரு பேச்சு அவளை உள்ளே அரித்துக்கொண்டே இருந்தது.

சபா முதலாளி வீட்டார் பழைய உடைகளைச் சென்னையில் ஓர் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டதும், போய்ப் பார்த்தே தீருவேன் என்று நின்றாள். முணுமுணுத்துக்கொண்டே விஜியும் கூட வந்தாள். மின்சார ரயிலின் ஜன்னலோரம் வயல்கள் நழுவின. தேவகிக்கு மூக்கில் தூப வாசனை அடித்தது. பெட்டியில் வேறு யாருக்கும் அடித்ததாகத் தெரியவில்லை.

கண்ணாடிக்குள் ரோஜா நிறச் சாட்டின் அங்கி நின்றது. சரிகை கறுத்துவிட்டது, தோள் மட்டும் இன்னும் மிடுக்காக இருந்தது. தேவகி தன்னை மறந்து, இல்லாத மீசையை முறுக்கக் கையைத் தூக்கினாள். விஜிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்திலிருந்த அட்டையை உரக்கப் படித்தாள்.

"மன்னர் வேட உடை. மார்பின் இருபுறமும் உள்ள கறை, போர்க்களக் காட்சிக்குத் தெளித்த சாயமாக இருக்கலாம்."

"சாயம் இல்ல விஜி."

"பின்னே?"

"நீ உள்ளே கத்தினா எனக்கு இங்க ஊறும்டி. துணியை மடிச்சி மடிச்சி வெச்சிகினு போவேன். அதையும் மீறி நனைஞ்சிடும். கையில கத்தி, வாயில வசனம், மாரெல்லாம் பாலு. ஜனங்க வேர்வைன்னு நெனச்சாங்க. மங்களம் பாடின உடனே ஓடியாந்து தூக்கினா, நீ அழுதழுது தூங்கிப் போயிருப்பே."

விஜி கண்ணாடியில் நெற்றி முட்ட நின்று, அந்த இரண்டு பழுப்பு வட்டங்களையே பார்த்தாள்.

"கண்ணாடியைத் தொடாதீங்கம்மா" என்றபடி அங்கே பொறுப்பிலிருந்த விஜயராகவன் விரைந்து வந்தார்.

"சார், இந்த அட்டையை மாத்தி எழுதுங்க." விஜி கறையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள். "அது சாயம் இல்லைங்க. நான் குடிக்க வேண்டிய பாலு."