ஒலிபெருக்கியில் ஒரு ‘பாவா’

இருபது ஆண்டுகளுக்கு முன், தை மாதத்து ஞாயிறு ஒன்றில், திருத்தணி மலையில் என் மகனுக்கு முடிகாணிக்கை செலுத்திய அன்று நடந்தது இது. அவனுக்கு நான்கு வயது. கனகம்மாசத்திரம் போகும் வழியில், ஏரிக்கரையில், ஒரு தம்பதியர் நடத்திவந்த சிறு பூங்கா அப்போது இருந்தது. கையால் சுற்றும் ராட்டினம், மிதித்து ஓட்டும் அன்னப்படகு, வேப்பமரங்களைச் சுற்றிவரும் குட்டி ரயில், அவ்வளவுதான். ஆனால், மலையிறங்கிய குடும்பங்கள் அங்கே ஒரு சுற்றாவது சுற்றாமல் ஊர் திரும்புவதில்லை. கணவர் ராட்டினம் சுற்றுவார். மனைவி சீட்டுக் கொடுத்துக்கொண்டே ஒலிபெருக்கியில் பேசுவார்.

என் மனைவி எனக்கு மாமன் மகள். தெலுங்கு கலந்த எங்கள் எல்லைப்புற வழக்கப்படி, அத்தை மகனான என்னைப் ‘பாவா’ என்றே அழைப்பாள். அதைக் கேட்டு வளர்ந்த மகனும் அப்படியே அழைத்தான். சொல் பிழைத்தால் பொறுக்காதவன் நான். அன்று காலை கோயில் படியில், அவன் ‘பாவா’ என்று கூப்பிட்டதைக் கேட்டுப் பலர் சிரித்ததும், “அப்பான்னு சொல்லுடா” என்று அதட்டிவிட்டேன். முகம் சுண்டிப்போனவன் அதன்பின் என்னை எந்தச் சொல்லாலும் அழைக்கவே இல்லை.

பூங்காவில், வறுகடலை வாங்கத் திரும்பிய ஒரு கணத்தில் அவனைக் காணவில்லை. ஏரி கரைதொட்டு நிறைந்திருந்தது. மனைவி நீரோரம் ஓடினாள். அவனைப் போலவே மஞ்சள் சட்டையில் ஒரு மொட்டைத்தலையைக் கண்டு நான் பாய்ந்து தூக்கினேன், வேறொருவர் பிள்ளை. சந்தனம் பூசிய தலைகள் எல்லாம் ஒன்றுபோலவே இருந்தன.

சீட்டுக் கொடுக்கும் அம்மாளிடம் அடையாளம் சொன்னேன்.

“மொட்டை, மஞ்ச சட்டையா? இங்க சுத்திகினு இருக்கிற பசங்க எல்லாமே அதானே சார்! நீங்களே மொட்டைதான். பேரு சொல்லுங்க.”

பள்ளிக்கென வைத்திருந்த முழுப்பெயரைச் சொன்னேன். அப்பா தேடுவதாக மும்முறை அறிவித்தார். யாரும் வரவில்லை. படகுக்காரர்கள் கழியை நீரில் விட்டுத் துழாவத் தொடங்கினார்கள்.

“வீட்ல உங்கள என்னான்னு கூப்புடுவான்?” என்றார் அந்த அம்மாள்.

ஓடிவந்த மனைவிதான் அழுகையினூடே, “பாவான்னு” என்றாள்.

“அப்பாவ நைனான்னு கூப்புடுவாங்க, கேட்டிருக்கேன். பாவாவா! இந்தாங்க மைக்கு, நீங்களே கூவுங்க.”

கூவினேன். “கண்ணா, பாவா கூப்புடுறேன்டா! பாவா இங்கதான்டா இருக்கேன்!”

ராட்டினம் நின்றது. பூங்காவே என்னைத் திரும்பிப் பார்த்தது. மரங்களுக்கு அப்பால், குட்டி ரயிலிலிருந்து ஒரு குரல் கிழிந்துகொண்டு வந்தது: “பாவா!”

ரயில் ஓட்டுபவர் அவனைத் தோளில் சுமந்து வந்தார். “பாவாவக் காணோம்னு அழுதுகினு இருந்தான் சார். பேரு கேட்டா ஏதோ செல்லப்பேரு சொன்னான். ‘மைக்ல அப்பா கூப்புடுறாரு, உங்க அப்பாவா பாரு’ன்னேன். ‘எனக்கு அப்பா இல்ல, பாவாதான், பெரிய மீசை’ன்னான். மீசை வச்சவங்க எல்லார்கிட்டயும் காட்டிகினு இருந்தேன்!”

என் மீசையும் மலைமேல் போயிருந்தது. காலையிலிருந்து பார்த்ததுதான் என்றாலும், அழுத பதற்றத்தில் மழித்த முகத்தைக் கண்டு மகன் ஒரு கணம் பின்வாங்கினான். “பாவாடா” என்றேன். மீசை இருந்த இடத்தைத் தடவிப் பார்த்துவிட்டுக் கழுத்தைக் கட்டிக்கொண்டான்.

“எல்லாரும் கேட்டுக்கோங்க, பாவா கெடச்சிட்டாரு!” என்று ஒலிபெருக்கி முழங்கியது. கைதட்டலும் சீழ்க்கையும் ஏரிக்கரையை அதிரவைத்தன. மூவரையும் ரயிலில் ஏற்றி, யாருக்கும் நிற்காமல் இரண்டு சுற்றுச் சுற்றினார் அந்த ரயில்காரர்.

அந்தப் பூங்கா இன்று இல்லை. அன்னப்படகு ஒன்று மட்டும் கரையில் கவிழ்ந்து கிடக்கிறது. மகன் சென்னையில் வேலை பார்க்கிறான். சனிக்கிழமை மாலைகளில் மின்சார ரயிலிலிருந்து இறங்கியதும், திருத்தணி நடைமேடை முழுதும் கேட்க, “பாவா!” என்று கூவுகிறான். சிலர் சிரிக்கிறார்கள், நான் அவனைத் திருத்துவதில்லை. எத்தனை அப்பாக்கள் காத்து நின்றாலும், அந்தக் குரலின் அந்தச் சொல்லுக்குத் தலைநிமிர்ந்து திரும்புகிறவன் நான் ஒருவன்தான்.